நாகத்தின் நகல்கள்

1962 முதல் 1967 வரை கட்டப்பட்ட ஏசி கோப்ரா கார்கள் ஏறக்குறைய ஆயிரம். இன்று அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பல நாடுகளில் ஓடும் கோப்ரா உருவக் கார்கள் அதைப்போல் பல மடங்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வேரம் என்ற சிற்றூரில் 1995ல் தொடங்கிய ஃபேக்டரி ஃபைவ் ரேசிங் என்ற ஒரே நிறுவனம் விற்ற கிட்டுகள் (வாங்குபவரே பூட்டிக் கட்டிக்கொள்ளும் பாகத் தொகுப்புகள்) மட்டுமே பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. அசலைவிட நகல் இத்தனை மிகுந்துபோன இன்னொரு ஸ்போர்ட்ஸ் காரைக் காட்டுவது கடினம்.

இந்த நகல்களைப் பற்றி இரண்டு பேச்சுகள் நெடுங்காலமாக இருக்கின்றன. அது போலி, அதில் பெருமைப்பட எதுவும் இல்லை என்பது ஒன்று. அசல் வாங்க வசதியில்லாதவர்களுக்கு இதாவது கிடைக்கிறதே என்பது மற்றொன்று. இரண்டுமே நகலை அசலின் விலையால் அளக்கின்றன. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. ஓட்டுவதற்கென்றே கட்டப்பட்ட ஒரு கார், விலை ஏறி ஏறி, அதன் சொந்தக்காரரே வெளியே எடுக்கத் தயங்கும் நிலைக்குப் போய்விட்டது. அந்தக் காரை ஓட்டும் அனுபவத்தை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்தது நகல்தான். அதன் மதிப்பு அங்கே இருக்கிறது. அந்த மதிப்புக்கு ஒரு நிபந்தனை உண்டு: தான் யார், எப்போது, யாரால் கட்டப்பட்டோம் என்பதை அது மறைக்கக் கூடாது.

அசலின் பூர்வீகத்தை முதலில் பார்க்க வேண்டும். ஏனென்றால் 'அசல்' என்று நாம் தலைவணங்கும் இந்தக் காரின் வம்சாவளியே கலப்பானது. லண்டனுக்குத் தென்மேற்கே தேம்ஸ் டிட்டனில் ஏசி கார்ஸ் என்ற சிறிய, பழைய நிறுவனம் இருந்தது. 1950களின் தொடக்கத்தில் அவர்களுக்குப் புதிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று தேவைப்பட்டது. அப்போது ஜான் டோஜெய்ரோ என்பவர் சிறிய பட்டறையில் பந்தயக் கார்கள் கட்டிக்கொண்டிருந்தார். இணையாக ஓடும் இரண்டு தடித்த எஃகுக் குழாய்கள், முன்னும் பின்னும் குறுக்காகப் படுத்த பட்டை ஸ்பிரிங், அதன்மேல் கையால் தட்டிய அலுமினியத் தகடு: அவர் முறை இதுதான். அந்தத் தகட்டின் வடிவம், இத்தாலியில் மிலான் நகரத்து டூரிங் பட்டறை 1948ல் ஃபெராரி 166 காருக்குச் செய்துகொடுத்த திறந்த உடலைப் பார்த்து எடுத்தது. டோஜெய்ரோவின் வடிவமைப்பை ஏசி வாங்கி, 1953 அக்டோபரில் லண்டன் மோட்டார் கண்காட்சியில் 'ஏஸ்' என்ற பெயரில் நிறுத்தியது. உலகில் இத்தனை பேர் நகலெடுத்த உருவம், தானே இன்னொரு காரைப் பார்த்துப் பிறந்தது. நகல் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிப்பவர்கள் இந்த ஒரு தகவலோடு சிறிது நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஏஸ் காரில் பிரிஸ்டல் நிறுவனத்தின் ஆறு சிலிண்டர் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. 1961ல் அந்த இன்ஜின் உற்பத்தி நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் டெக்ஸாஸ்காரரான கரோல் ஷெல்பி ஏசிக்குக் கடிதம் எழுதினார். 1959ல் ராய் சல்வடோரியோடு சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றவர். இதயக் கோளாறால் 1960ல் பந்தயத்தை விட்டவர். இங்கிலாந்தின் எடை குறைந்த உடலில் அமெரிக்காவின் வி8 இன்ஜினை வைக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஃபோர்டு இன்ஜின் கொடுத்தது, ஏசி உடலை அனுப்பியது. 1962 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அருகே ஒரு பட்டறையில் சில மணி நேரத்தில் இரண்டும் ஒன்றாயின. சிஎஸ்எக்ஸ் 2000 என்ற எண் கொண்ட அந்த முதல் காரை, ஒவ்வொரு பத்திரிகைக்கும் கொடுப்பதற்கு முன் வேறு வேறு வண்ணம் அடித்துக் கொடுத்தார் ஷெல்பி. நிறையக் கார்கள் கட்டியாகிவிட்டன என்று வாசகர்கள் நம்பினார்கள். 2016ல் அதே கார் அமெரிக்காவில் மான்டரே ஏலத்தில் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்குப் போனது.

1965ல் சேஸிஸ் குழாய் இன்னும் தடித்தது, பட்டை ஸ்பிரிங்குக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் வந்தது, ஏழு லிட்டர் 427 இன்ஜின் ஏறியது. சக்கரத்துக்கு மேல் உடல் உப்பிப் புடைத்தது. அந்தப் புடைப்புதான் இன்று நகல்களில் பெரும்பாலானவை சூடிக்கொள்ளும் உருவம்.

ஏன் கோப்ராவை இத்தனை பேர் நகலெடுத்தார்கள், அதே காலத்து ஜாகுவார் இ-டைப்பை அவ்வளவு பேர் எடுக்கவில்லை? அழகு காரணமாக இருக்க முடியாது. 1961 மார்ச்சில் ஜெனீவாவில் வந்து நின்ற இ-டைப்பைவிட அழகான கார் இல்லை என்று சொல்பவர்கள் ஏராளம். காரணம் கட்டுமானத்தில் இருக்கிறது. இ-டைப்பின் நடுப்பகுதி தகடுகளை அச்சில் அழுத்திப் பற்றவைத்த ஒரே கூடு, உடலே எலும்பும்கூட. ஒரு வீட்டுக் கொட்டகையில் அதைச் செய்ய முடியாது. கோப்ராவில் எலும்பு வேறு, தோல் வேறு. குழாய் வெட்டி வெல்டிங் செய்யத் தெரிந்தவர் சேஸிஸ் செய்துவிடலாம். மேலே போர்த்த ஃபைபர் உடல் போதும். கூரை இல்லை, ஏற்றி இறக்கும் ஜன்னல் கண்ணாடி இல்லை, கதவுகள் சிறியவை. இன்ஜினோ ஃபோர்டு லட்சக்கணக்கில் உற்பத்தி செய்தது. 1987 முதல் 1993 வரை வந்த ஃபோர்டு மஸ்டாங் 5.0 காரின் வி8, முதல் கோப்ராவில் இருந்த அதே சிறிய வி8 குடும்பத்தின் வாரிசு. விபத்தில் நசுங்கிய ஒரு மஸ்டாங்கைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதன் இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் எல்லாவற்றையும் கழற்றிப் புதுச் சேஸிஸில் மாட்டலாம். ஃபேக்டரி ஃபைவின் தொடக்க காலக் கிட்டுகள் இந்தக் கணக்கின்மேல்தான் நின்றன. பிரிட்டனில் அதே வேலைக்கு ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரின் ஆக்ஸிலும் ரோவர் வி8 இன்ஜினும் உதவின.

ஃபைபர் உடல் எப்படி உருவாகிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால், நகலுக்கும் நகலுக்கும் உள்ள தராதரம் விளங்கும். ஒரு மூல உருவத்தின்மேல் மெழுகு பூசி, அதன்மேல் பிசினும் கண்ணாடி இழைப் பாயும் அடுக்கி, காய்ந்ததும் பிரித்தெடுத்தால் அச்சு கிடைக்கும். அச்சுக்குள் முதலில் வழவழப்பான ஜெல் பூச்சு, பிறகு இழைப் பாய், பிறகு பிசின். உருளையால் உருட்டி உருட்டிக் காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும். ஒரு குமிழ் உள்ளே தங்கினாலும் பின்னாளில் வெயிலில் பெயின்டுக்கு அடியில் கொப்புளமாக எழும்பும். இதில் முக்கியமான கேள்வி, அச்சு எதன்மேல் எடுக்கப்பட்டது என்பது. உண்மையான கோப்ரா ஒன்றின்மேல் எடுத்தவர்கள் உண்டு. ஆனால் பலர் முந்தைய நகல் ஒன்றின்மேலேயே அச்செடுத்தார்கள். அந்த நகலும் இன்னொரு நகலின் பிள்ளையாக இருக்கலாம். ஒவ்வொரு தலைமுறையிலும் கோடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்கிறது. முன்வாய் அகன்றுவிடுகிறது, பின்பக்கம் தேவைக்கு மேல் பருக்கிறது, முன் சக்கரத்துக்கு மேலே எழும் வளைவு தட்டையாகிறது. பழகிய கண் இருபது அடி தூரத்தில் இதைக் கண்டுபிடித்துவிடும். பக்கவாட்டில் நின்று, முன் சக்கரத்தின் மேல் விளிம்பிலிருந்து கதவு வரைக்கும் இறங்கும் கோட்டைப் பார்த்தால் போதும். அசலில் அது ஒரே மூச்சில் இறங்கும்.

இதற்கு நேர்மாறான எல்லையில் இருப்பது அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக் கிர்காம் நிறுவனம். பனிப்போர் முடிந்து வேலை குறைந்துபோன போலந்தின் மியெலெட்ஸ் விமான ஆலையில், மிக் போர் விமானங்களுக்குத் தகடு தட்டிய கைத்திறனைக் கொண்டு, கோப்ராவின் உடலை மறுபடி அலுமினியத்திலேயே செய்யத் தொடங்கினார்கள். அவர்களுடைய கார்கள் பல பெயின்ட் அடிக்கப்படாமல், மெருகேற்றிய வெள்ளி நிறத்திலேயே இருக்கும். பெயின்ட் இல்லாத தகட்டில் சுத்தியல் செய்த பிழையை மறைக்க வழியே கிடையாது. அதைத் துணிந்து வெளியே காட்டுபவருடைய வேலையைப் போலி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிட் வாங்கியவருக்கு வருவது பெட்டிகளும் ஒரு சேஸிஸும் ஒரு உடலும் ஒரு கையேடும். பிரேக் குழாயை வளைத்து முனையைப் புனலாக்குவதிலிருந்து வயரிங் வரை அவரே செய்ய வேண்டும். மாலைகளும் வார இறுதிகளும் சேர்ந்து ஓராண்டு, சிலருக்குப் பல ஆண்டுகள். பாதியில் நின்றுபோய் விற்பனைக்கு வரும் கிட்டுகளும் உண்டு. ஆனால் கட்டி முடித்தவருக்கு அந்தக் காரில் எந்தப் போல்ட் எங்கே இருக்கிறது, எவ்வளவு இறுக்கப்பட்டது என்பது தெரியும். இன்றைய காரின் மூடியைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடி ஒன்றுதான் கண்ணில் படுகிறது. இப்படிப்பட்ட காலத்தில் ஒரு முழு இயந்திரத்தைத் தலை முதல் கால் வரை அறிந்துவைத்திருக்கும் சந்தோஷத்தை இந்தத் தொழில் சாதாரண மனிதருக்குத் தருகிறது. நகல் காரின் கவர்ச்சியில் பாதி இதுதான் என்பது என் எண்ணம்.

மற்ற பாதி ஓட்டுவதில். கோப்ராவின் கதவுக்கு வெளியே கைப்பிடி இல்லை. கையை உள்ளே விட்டுத்தான் திறக்க வேண்டும். 427 உருவத்தில் சைலன்சர் குழாய்கள் கதவுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடுகின்றன. இறங்கும்போது காலைக் கவனிக்காமல் வைத்தால் கெண்டைக்கால் சுட்டுவிடும். அந்தத் தழும்பு இல்லாத கோப்ராக்காரர் குறைவு. கால் வைக்கும் பள்ளத்தில் இன்ஜின் சூடு இறங்கும். பெடல்கள் நேராக இல்லாமல் ஒரு பக்கம் தள்ளியிருக்கும். ஏறக்குறைய ஒரு டன் எடை, மிகக் குட்டையான சக்கர இடைவெளி, நானூறு குதிரைத்திறன்: ஈரச் சாலையில் வலது கால் சற்று அவசரப்பட்டால் வண்டியின் வால் முன்னால் வந்துவிடும். ஏர்பேக் இல்லை. பெரும்பாலானவற்றில் ஏபிஎஸ் இல்லை. இது ஆபத்தான வண்டி என்பதை விற்பவர்கள் மென்று விழுங்காமல் சொல்ல வேண்டும். இத்தனையும் ஓட்டுபவர் முழு மனத்தோடு ஓட்டியாக வேண்டிய வண்டி என்பதையும் சொல்கிறது. நகல் இந்த அனுபவத்தைக் கிட்டத்தட்ட முழுதாகத் தருகிறது. பல நகல்களில் பிரேக்கும் டயரும் அசலைவிட நன்றாகவே இருக்கின்றன.

கோப்ராவைத் தாண்டினால் வேறு குடும்பங்கள் வருகின்றன. போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டர், 1954ல் நியூயார்க் இறக்குமதியாளர் மாக்ஸ் ஹாஃப்மன் மலிவான கார் வேண்டும் என்று நெருக்கியதால் பிறந்தது. அதன் விலை 2,995 டாலர். அதன் நகல்கள் பெரும்பாலும் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் அடித்தட்டை ஓரடிக்குச் சற்றுக் குறைவாக வெட்டிச் சுருக்கி, மேலே ஃபைபர் உடல் வைத்தவை. இதில் கேலிக்கு இடமில்லை. 1948ல் முதல் 356 பிறந்தபோதே அதன் உள்ளே இருந்தவை பீட்டிலின் பாகங்கள்தான். பிரேசிலில் இந்த நகல்கள் ஒரு தனித் தொழிலாகவே வளர்ந்தன.

அர்ஜென்டினாவில் பரானா என்ற ஊரில் பூர் சாங் என்ற பட்டறை இருக்கிறது. 1924ன் புகாட்டி டைப் 35 காரை அங்கே ஏறத்தாழ முழுதுமாக மறுபடி செய்கிறார்கள். இன்ஜின் பெட்டியை வார்ப்பது, கியர் வெட்டுவது, பிரேக் டிரம்மோடு சேர்த்து வார்த்த அந்த எட்டுத் தட்டை ஆரங்கள் கொண்ட அலுமினியச் சக்கரத்தைச் செய்வது எல்லாம் அதே கூரையின் கீழ். நியூசிலாந்தின் ஓமாருவில் டெம்பரோ குடும்பத்தின் பட்டறை பழைய ஜாகுவார் பந்தயக் கார்களின் உடலை அலுமினியத்தில் தட்டித் தருகிறது. இவர்கள் இல்லையென்றால் பல கைத்தொழில்கள் ஒரு தலைமுறைக்கு முன்பே மறைந்திருக்கும். பழைய கார் ஒன்று விபத்தில் சிக்கினால் அதைச் சீர்செய்யத் தெரிந்த கை, நகல் கட்டிப் பழகிய கையாக இருப்பது சகஜம். அசலைக் காப்பாற்றும் திறமைக்குச் சோறு போடுவது நகல்தான்.

எல்லா நகலையும் நான் தாங்கிப் பேசவில்லை. டாட்சன் 240இசட் காரின்மேல் ஃபெராரி 250 ஜிடிஓ உடலைப் போர்த்தியவை, பொன்டியாக் ஃபியரோவின்மேல் டெஸ்டரோசா உடலை மாட்டியவை எல்லாம் வேறு இனம். பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினுக்காகவே வரையப்பட்ட நீண்ட மூக்கின் கீழே ஆறு சிலிண்டர் உறுமும்போது, உருவத்துக்கும் உயிருக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அதன்மேல் குதிரைச் சின்னத்தையும் ஒட்டிவிட்டால் அது பார்ப்பவரை ஏமாற்றுவதற்கான ஏற்பாடு. ஸ்பீட்ஸ்டரும் கோப்ராவும் நல்ல நகல்களைத் தந்ததற்குக் காரணம், அவற்றின் உள்ளுறுப்புகள் முதலிலேயே எளிய, பொதுவான, எங்கும் கிடைக்கும் உறுப்புகளாக இருந்ததுதான்.

சினிமா இந்த வகை ஃபெராரி நகல்களைப் புகழுக்கும் வழக்குக்கும் ஒருசேரக் கொண்டுபோனது. 1984ல் தொடங்கிய 'மியாமி வைஸ்' தொலைக்காட்சித் தொடரில் கதாநாயகன் ஓட்டிய கறுப்பு ஃபெராரி டேடோனா, உண்மையில் செவ்ரோலே கார்வெட் சேஸிஸின்மேல் கட்டியது. ஃபெராரி எதிர்ப்புத் தெரிவித்தது. பிறகு தயாரிப்பாளர்களுக்கு அசல் டெஸ்டரோசா கார்கள் கிடைத்தன; மூன்றாம் பருவத்தின் தொடக்கத்தில் கறுப்பு நகல் கதையிலேயே ஏவுகணையால் தகர்க்கப்பட்டது. 1986ன் 'ஃபெரிஸ் பியூலர்ஸ் டே ஆஃப்' படத்தில் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பள்ளத்தில் விழும் ஃபெராரி 250 ஜிடி கலிஃபோர்னியாவும் நகலே. குட்டைச் சேஸிஸ் கொண்ட அந்த ரகத்தில் அசல் 56 மட்டும்தான். நடிகர் அலன் டெலோனிடம் ஒரு காலத்தில் இருந்த ஒன்று 2015ல் பாரிஸ் ஏலத்தில் 1.6 கோடி யூரோவுக்கு மேல் போனது. 2019ன் 'ஃபோர்டு வெர்சஸ் ஃபெராரி' படத்துக்கும் பந்தயக் காட்சிகளுக்கான ஜிடி40, கோப்ரா கார்களைத் தந்தது தென்னாப்பிரிக்காவில் கட்டப்படும் சூப்பர்ஃபார்மன்ஸ் போன்ற நகல் நிறுவனங்கள்தான். ஃபோர்டின் லெ மான் வெற்றியின் கதையை இன்றைய தலைமுறை பார்த்தது நகல்களின் வழியே.

வழக்குகளில் முக்கியமானது 1991ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று ஃபெராரிக்குச் சாதகமாகக் கொடுத்த தீர்ப்பு. டேடோனா, டெஸ்டரோசா உருவங்களில் ஃபைபர் உடல்கள் விற்ற ஒருவர், வாங்குபவருக்கு இது ஃபெராரி அல்ல என்று நன்றாகத் தெரியும் என்று வாதிட்டார். வாங்குபவருக்குத் தெரிந்தாலும் சாலையில் பார்ப்பவர் குழம்புவார், அதுவே ஃபெராரியின் பெயருக்குக் கேடு என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. அந்த அமர்விலேயே ஒரு நீதிபதி மாறுபட்டார். எனக்கு மாறுபட்டவர் பக்கமே நியாயம் படுகிறது. சாலையோரத்தில் ஒரு நொடி திரும்பிப் பார்ப்பவருடைய குழப்பத்தால் யாருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. 2019ல் இத்தாலியின் போலோன்யா நீதிமன்றம் 250 ஜிடிஓ காரின் உருவத்தைக் பதிப்புரிமைக்குரிய கலைப்படைப்பு என்றே ஏற்றுக்கொண்டது. ஷெல்பியும் கோப்ரா உருவத்துக்காக நகல் நிறுவனங்களோடு நீண்ட காலம் வழக்காடினார். ஃபேக்டரி ஃபைவோடு நடந்த வழக்கு சமரசத்தில் முடிந்தது. அவர்கள் தங்கள் காரைக் கோப்ரா என்று அழைப்பதில்லை. சூப்பர்ஃபார்மன்ஸ் பிற்பாடு ஷெல்பியின் உரிமம் பெற்றே கட்டுகிறது.

ஷெல்பியின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1965ல் எஞ்சிய சேஸிஸ்களைக் கொண்டு முடித்தவை என்று சொல்லி 1990களின் தொடக்கத்தில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த 427 கார்களின் சேஸிஸ்கள் புதிதாகச் செய்தவை என்று 1993ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. பின்னர் அந்த வரிசை வெளிப்படையாகத் 'தொடர்ச்சிக் கார்' என்ற பெயரில் விற்கப்பட்டது. பெயரை மாற்றியதும் பிரச்சினை தீர்ந்தது. காரில் ஒரு குறையும் இருக்கவில்லை. அதன் பிறந்த தேதியைப் பற்றிச் சொன்னதுதான் பிழை.

பெரிய நிறுவனங்கள் இப்போது தாங்களே இந்த வேலையில் இறங்கியிருக்கின்றன. ஜாகுவார் 1963ல் பதினெட்டு இலகு இ-டைப் கார்களுக்குத் திட்டமிட்டுப் பன்னிரண்டோடு நிறுத்தியது. மீதி ஆறை 2014ல் கட்டத் தொடங்கியது. 1957 பிப்ரவரியில் பிரவுன்ஸ் லேன் ஆலையில் ஏற்பட்ட தீயில் அழிந்த ஒன்பது எக்ஸ்கேஎஸ்எஸ் கார்களுக்குப் பதிலாக ஒன்பது கார்களை 2016ல் அறிவித்தது. ஆஸ்டன் மார்ட்டின் 'கோல்டுஃபிங்கர்' படத்தின் டிபி5 காரை வரி நீங்கலாக 27.5 லட்சம் பவுண்டு விலையில் இருபத்தைந்து பேருக்காகக் கட்டியது. அது சாலையில் ஓட்ட அனுமதி இல்லாத கார். ஐம்பது ஆண்டுக்குப் பின் புதிதாகச் செய்த இவை அசல் என்றால், கிர்காமின் அலுமினியக் கார் ஏன் அசல் இல்லை? தொழிற்சாலையின் பெயர் ஒன்றுதான் வித்தியாசம். அந்தப் பெயரை வைத்திருப்பவர்களோ, முதல் காரைச் செய்தவர்களுக்கு மூன்று நான்கு கை மாறிப் பின்னால் வந்தவர்கள்.

எது அசல் என்ற கேள்வியை ஆழமாக ஆராய்ந்தது 1990ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நடந்த பென்ட்லி வழக்கு. 1929, 1930 இரண்டு ஆண்டும் வுல்ஃப் பர்னாட்டோ லெ மானில் வென்ற 'ஓல்டு நம்பர் ஒன்' காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், இது அந்தக் கார் இல்லை என்று பின்வாங்கினார்கள். உண்மையில் அந்தக் காரில் சேஸிஸ், இன்ஜின், உடல் எல்லாம் காலப்போக்கில் மாறியிருந்தன. லெ மானில் ஓடிய உலோகம் மிகக் கொஞ்சம்தான் மிஞ்சியிருந்தது. ஆனாலும் நீதிபதி ஓட்டன் அதை 'ஓல்டு நம்பர் ஒன்' என்றே தீர்மானித்தார். ஒவ்வொரு மாற்றமும் பதிவாகியிருக்கிறது, இடையில் அது வேறு காராகப் பிரிந்துபோகவில்லை, அதன் வரலாறு அறுபடாமல் வருகிறது என்பது அவர் காட்டிய காரணம். உலோகத்தைவிட வரலாறே காரின் அடையாளம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். இதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். இதே அளவுகோல் நகலுக்கும் பொருந்தும். நகலுக்கும் ஒரு வரலாறு உண்டு: எந்தக் கொட்டகையில், யார் கையால், எந்த இன்ஜினைக் கொண்டு கட்டப்பட்டது என்று. அந்த வரலாற்றை அழித்து அசலின் எண்ணைப் பொறிக்கும்போதுதான் குற்றம் பிறக்கிறது. அமெரிக்காவின் ஷெல்பி கிளப் அசல் கார்கள் ஒவ்வொன்றின் சிஎஸ்எக்ஸ் எண்ணையும் கைமாறிய கதையையும் பதிவேடாகப் புத்தகமாக்கி வைத்திருப்பதால் கோப்ராவில் அந்த மோசடி எளிதில் நடப்பதில்லை.

விலைக் கணக்குக்கு வருவோம். அசல் 427 கோப்ரா இன்று பத்து லட்சம் டாலரைத் தாண்டும். நல்ல ஃபைபர் நகல் ஒன்றை இன்ஜின், பெயின்ட் எல்லாம் சேர்த்து முடிக்க அதில் இருபதில் ஒரு பங்கு அளவில் ஆகும். அலுமினியம் என்றால் அதைப்போல் சில மடங்கு. விற்கும்போது கிட் கட்டியவர் தன் உழைப்புக்குக் கூலி எதிர்பார்க்க முடியாது; போட்ட பொருளின் விலை திரும்பினாலே நல்ல பேரம். ஆகவே முதலீடாக இதை வாங்கச் சொல்பவர் பேச்சைக் கேட்க வேண்டாம். ஆனால் அசலின் விலையும் அதன் சொந்தக்காரருக்கு ஒரு சுமைதான். முன் கண்ணாடியில் ஒரு கல் தெறித்தால் மனம் பதறும். மழை வருமா என்று வானத்தைப் பார்த்துவிட்டே வெளியே எடுக்க வேண்டும். நகல்காரர் காலையில் எழுந்து பால் வாங்கக்கூட அதில் போகலாம்.

அரசுகள் இதை எப்படி நடத்துகின்றன என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. பிரிட்டனில் கிட் கார் தொழில் வேரூன்றியதற்கே வரிச் சட்டம்தான் காரணம். முழுக் காருக்கு இருந்த கொள்முதல் வரி, பாகங்களாக விற்ற காருக்கு இல்லை. லோட்டஸ் செவன் அப்படி விற்றே புகழ் பெற்றது. 1973ல் மதிப்புக் கூட்டு வரி வந்தபோது அந்தச் சலுகை போனது. அதே ஆண்டு செவன் காரின் உரிமையை வாங்கிய கேட்டர்ஹம் நிறுவனம் இன்றும் அதைக் கட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது கட்டி முடித்த ஒவ்வொரு காரும் தனித்தனியாக அரசுச் சோதனைக்குப் போக வேண்டும். பிரேக், விளக்கு, புகை மட்டுமல்ல, கூரான விளிம்பு எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்பது வரை அதிகாரி தடவிப் பார்ப்பார். அமெரிக்கா 2015ல் ஒரு சட்டம் இயற்றியது. குறைந்தது 25 ஆண்டுக்கு முந்தைய காரின் உருவில், உருவத்தின் உரிமையாளரிடம் உரிமம் பெற்று, ஆண்டுக்கு 325 கார் வரை சிறு நிறுவனங்கள் முழுதாகக் கட்டி விற்கலாம். இன்ஜின் மட்டும் இன்றைய புகை விதிக்கு உட்பட வேண்டும். இதற்கான விதிமுறை வெளிவர 2021 ஆகிவிட்டது. இடையில் காத்திருந்து நொந்த சிறு பட்டறைகளுக்காக வருந்துகிறேன்.

நம் நாட்டில் இதற்கு வாசல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மேலும் உறுதிப்படுத்தியது. தனியாள் ஒருவர் கட்டிய காரைச் சோதித்துப் பதிவு செய்யும் பிரிட்டன் போன்ற எளிய வழி இங்கே ஏற்படவில்லை. திறமைக்குக் குறைவில்லை. கோவையில் மாருதி இன்ஜினைக் கொண்டு ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களைக் கட்டிச் செட்டிப்பாளையம் ஓடுதளத்தில் ஓட்டி, ஒரு தலைமுறை ஓட்டுநர்களையே உருவாக்கியிருக்கிறார்கள். அந்தக் கைகளுக்குச் சாலையில் ஓடும் கார் கட்ட ஒரு கறாரான சோதனை முறையும் அனுமதியும் கிடைத்தால் என்ன கெட்டுப்போகும்?

இனி வரும் காலத்தைப் பற்றி எனக்குக் கவலை இருக்கிறது. 25 ஆண்டுக் கணக்கின்படி 1990களின் கார்களும் நகலுக்குத் தகுதி பெற்றுவிட்டன. ஆனால் அவற்றை ஒரு கொட்டகையில் கட்ட முடியாது. உடலே எலும்பான கூடு, ஏர்பேக், இன்ஜினை ஆளும் கணினி, அதன் உள்ளே பூட்டிவைத்த மென்பொருள் எல்லாம் குழாயும் ஃபைபரும் கொண்டு செய்யக் கூடியவை அல்ல. கையால் நகலெடுக்கக் கூடிய கார்களின் காலம் ஏறக்குறைய 1970களோடு முடிந்துவிட்டது. இதுவரை கட்டிய நகல்களும் முதுமை அடைகின்றன. 1980களின் தொடக்கத்தில் கட்டியவற்றுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. கட்டியவர்கள் பலர் மறைந்துவிட்டார்கள். எந்த அச்சில் எடுத்த உடல், எந்த மஸ்டாங்கிலிருந்து வந்த இன்ஜின், யார் வெல்டிங் செய்த சேஸிஸ் என்ற விவரம் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. அசல்களுக்கு இருப்பது போன்ற பதிவேடு நகல்களுக்கும் வேண்டும். கிளப்புகள் இதை இப்போதே தொடங்கலாம். கட்டியவர் பெயர், ஊர், ஆண்டு, உடலின் அச்சு எங்கிருந்து வந்தது, இன்ஜின் எண் இவற்றைப் பொறித்த ஒரு சிறிய உலோகத் தகட்டை ஒவ்வொரு நகலின் இன்ஜின் அறைச் சுவரிலும் ரிவெட் அடித்து வைத்தால் போதும்.